தொட்டில் டிரைவரின் குறைப் புத்தகம்

"மூச்சு விடாதீங்கப்பா."

மகள் அப்படிச் சொன்னதும் அப்பா நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டார். கன்னங்கள் இரண்டும் உப்பிக்கொண்டன. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் எத்தனை தூசு மின்னுகிறது என்று பார்க்கும் ஒரு கண். அவ்வளவுதான் கருவி. காற்று உள்ளே போகும் துவாரத்தில் ஆறு வாரத்துத் தூசு பஞ்சு போல அப்பியிருந்தது. மெல்லிய தூரிகையால் அதைத் தட்டித் தட்டி எடுத்தாள். நான்கு திருகாணிகளும் அப்பாவின் உள்ளங்கையில் இருந்தன.

"மூச்சுல ஈரம் இருக்கும். உள்ள பட்டா எண் தப்பாக் காட்டும், அதான்."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் பொறுக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் புஸ்ஸென்று விட்டார்.

"ஏம்மா, உன் மூக்குக்குக் கொடுக்கிற மரியாதையில கால்வாசி என் மூக்குக்குக் கொடுக்கக் கூடாதா?"

மூக்கு என்பது அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்.

அவள் கையை நீட்ட நீட்ட, கேட்காமலே ஒவ்வொரு திருகாணியாக வைத்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர், பணிமனையில் மெக்கானிக்குகளுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கை. கடைசித் திருகாணியைக் கொடுக்கும்போது, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அதே நேரம் அவளுடைய போன் அடித்தது. நகரின் மறுகோடியில் உள்ள அளவீட்டு நிலையத்தில் பம்ப் நின்றுவிட்டதாம். காற்றை அளக்கும் அலுவலகத்தில் கருவிகளைப் பராமரிப்பதுதான் அவள் வேலை. ஞாயிறு, திங்கள் எல்லாம் பம்புக்குத் தெரியாது.

"அடுத்த ஞாயிறு வர்றேன்ப்பா. அப்பக் கேளுங்க."

"சரி, போய்ட்டு வா. ஒண்ணும் அவசரமில்ல. இந்த மூக்கையும் எடுத்துட்டுப் போயிடு, என் வேலை முடிஞ்சுது."

"இருக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கறேன். என்ன வந்துச்சு, எண்ணெல்லாம்?"

"ம்... வந்துச்சு" என்றார் அப்பா.

வியாழக்கிழமை பகலில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் போன் செய்தார். அலுவலகத்திலிருந்து அப்பா வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒற்றை ஆளாக, அவளைப் போலவே காருக்கு ஒருவராகக் கிளம்பி வந்தவர்களுக்கு நடுவில், ஐம்பது நிமிடம் ஊர்ந்தாள். போய்ச் சேர்ந்தபோது தையல்காரர் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார். ஒரு காலில் செருப்பு அப்படியே இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் கழற்றினாள்.

*

பணிமனையில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'தொட்டில்' என்றால்தான் தெரியும். அவர் பிரேக் போட்டால் நிற்பவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள். காலை வண்டியில் ஏறும் தொழிற்சாலை ஆட்கள் இரண்டாவது நிறுத்தத்துக்குள் வாயைப் பிளந்து தூங்கிவிடுவார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் அவரிடமே சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "நான் வண்டி ஓட்டத்தான் சம்பளம் வாங்கறேன், உங்களை எழுப்பறதுக்கு இல்ல" என்பாராம்.

அவருடைய தடம் பதினேழு. வீட்டுக்கு அருகிலிருந்து கிளம்பி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித் திரும்பி, தொழிற்சாலைகளைத் தாண்டி, பேருந்துக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் முடியும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலை ஏழு இருபது வண்டியில் ஏறினார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கடைசி வரை போய், அதே வண்டியில் திரும்புவார். அம்மா இறந்த பிறகு அது இன்னும் கறாரானது. 'எங்கப்பா போறீங்க' என்று மகள் கேட்டால், 'ஒரு வேலை இருக்கு' என்பார். என்ன வேலை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மகள் கார் வாங்கியபோது அதைச் சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார். "நல்ல வண்டிதான். ஆனா இத்தனை சீட்டை வெச்சுக்கிட்டு ஒத்தை ஆளை ஏத்திட்டுப் போனா எங்க டிப்போவுல மெமோ கொடுப்பாங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. காற்றை அளக்கப் போகிறவளே காரில் போகிறாளே என்று அலுவலகத்தில் ஏற்கனவே கிண்டல் நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தடம் பதினேழின் காலை வண்டியை நிறுத்த உத்தேசம், கருத்துச் சொல்ல விரும்புவோர் மார்ச் முப்பதாம் தேதிக்குள் எழுத்து மூலம் கிளை அலுவலகத்தில் தரலாம். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

"அந்த வண்டியில அறுபது பேர் போறாங்கம்மா. அதுல பாதி ஸ்கூல் பிள்ளைங்க. நாளைக்கு அத்தனை பேரும் ஆளுக்கொரு காரைக் கொண்டுவந்து அந்தச் சுவர் ஓரமா நிறுத்தினா, ரோடு எங்க இருக்கும், காத்து எங்க இருக்கும்? இதை எழுதிக் கொடுக்கப் போறேன்."

"சும்மா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கப்பா. எண் வேணும்."

"அப்ப எண்ணைக் கொடு."

அதற்காகத்தான் அலுவலகத்தில் கழித்துவிட்ட அந்தப் பெட்டியை, அனுமதி வாங்கி அவரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, எந்த இடத்தில் எண் தெரியும் என்று நின்றபடியே காட்டினாள். "என்ன எழுதணும்?" என்று கேட்டார். கார்ச் சாவி கையில் இருந்தது. "பாக்கறதை எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போய், இரண்டு வாரம் கழித்து இருபத்தெட்டாம் தேதி அவள் அந்த வீட்டைத் திறந்தாள். பெட்டியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்குத்தான் வந்தேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது மேசைமேல் துணி போர்த்தி இருந்தது. துணி அப்பாவின் துண்டு.

பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அட்டையில் 'குறைப் புத்தகம்' என்று எழுதியிருந்தார். அவளுக்கு உடனே புரிந்தது. சின்ன வயதில் பணிமனையில் அதைப் பார்த்திருக்கிறாள். வேலை முடிந்து வண்டியை விடும்போது ஒவ்வொரு டிரைவரும் அதில் எழுத வேண்டும். இடது பக்க விளக்கு எரியவில்லை, மூன்றாவது கியர் முரண்டுகிறது, அப்படி. நன்றாக இருப்பதை எழுதும் பழக்கம் கிடையாது. "நல்லா இருக்குன்னு எழுதினா மெக்கானிக் என்ன பண்ணுவான், கைதட்டுவானா?" என்பார் அப்பா. அன்றைக்கு வண்டியில் எது மோசமோ, அது மட்டும்.

காற்றையும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

தேதி, பார்த்ததிலேயே அதிகமான எண், கார்கள். பக்கத்துக்கு மூன்றே கட்டம். ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை நிறுத்தத்தில் நின்று, அந்த முக்கால் மணி நேரத்தின் மிக மோசமான ஒரே ஓர் எண்ணைக் குறித்திருந்தார். 148. 152. 139. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே வரி: 'பஸ் கிளம்பும்போது.' நடுவில் ஒன்பது நாட்கள் மட்டும், 'பஸ் வரவில்லை' என்று இருந்தது. அந்த நாட்களில் எண்கள் 90, 88, 92.

நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு தாள். கோடு போட்டது, நீல மை.

'கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தடம் பதினேழின் காலை வண்டியை நிறுத்த வேண்டாம் என்று கேட்பதற்காக எழுத உட்கார்ந்தேன். நான் அந்த வண்டியை முப்பத்தொரு வருடம் ஓட்டியவன். ஊரின் காற்றுக்கும் அது நல்லது என்று எழுத நினைத்தேன். என் மகள் காற்றை அளக்கும் வேலையில் இருக்கிறாள். அவள் கொடுத்த கருவியில் நானே ஆறு வாரம் அளந்தேன். வண்டி வந்த நாளில்தான் எண் கூடுகிறது. வராத நாளில் குறைகிறது. கருவி பொய் சொல்லாது. ஆகவே'

அங்கே நின்றுவிட்டது. கையெழுத்து இல்லை.

அவள் அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். அழுகை வரும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே காரியம் கை வேலை.

பெட்டிக்கு நினைவு உண்டு. அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. நிமிடத்துக்கு ஓர் எண்ணாக, முப்பது காலைகளும் உள்ளே இருந்தன. கம்பியைச் செருகி எல்லாவற்றையும் இறக்கி, படமாக வரைந்தாள்.

பேருந்து வந்த நாட்களில் கோடு தாழ்வாகப் போனது. ஏழு இருபதுக்கு ஒரே ஓர் ஈட்டி மாதிரி மேலே குத்தியது. இரண்டு நிமிடத்தில் பழைய இடத்துக்கே இறங்கி, கடைசி வரை அங்கேயே கிடந்தது. பேருந்து வராத நாட்களில் ஈட்டி இல்லை. ஏழு பத்துக்கே கோடு மெதுவாக ஏறி, எழுபது, எண்பது என்று மேட்டில் ஏறிய மாடு மாதிரி இறங்காமல் நின்றது. அப்பாவே எழுதிவைத்த கார்க் கட்டம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. பேருந்து வந்த நாளில் பதினெட்டு, இருபது. வராத நாளில் நாற்பத்தொன்று, நாற்பத்துநாலு. பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பி, நிறுத்தத்துக்கு முன்னால் வரிசையில் நின்று நின்று ஊர்ந்த கார்கள்.

சராசரி போட்டாள். வந்த இருபத்தொரு நாளுக்கு நாற்பத்தாறு. வராத ஒன்பதில் ஒரு நாள் மழை. அதை விலக்கி, எட்டு நாளுக்கு அறுபத்து மூன்று. அலுவலகப் பதிவிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் எடுத்துப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. எட்டே நாள், ஒரே இடம், கழித்துப்போட்ட ஒரு கருவி. இதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பாள்.

ஆனால் எண்கள் சாய்ந்திருந்த பக்கம் அப்பா ஆரம்பத்தில் சொன்ன பக்கம்தான். அவர் அது தெரியாமல் போய்விட்டார். ஓட்டிய காலமெல்லாம் ஊருக்குப் புகை ஊட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, மேசையில் தனியாக உட்கார்ந்து, 'ஆகவே' என்று எழுதி, பேனாவை மூடியிருக்கிறார்.

பேனா மூடித்தான் இருந்தது.

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நின்றாள். காரை வீட்டு வாசலிலேயே விட்டிருந்தாள். பேருந்து வராத ஒன்பது நாள் எது எது என்று டிரைவரிடம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அப்பா எழுதியது தப்பாக இருக்காது. இருந்தாலும் அவள் வேலை அப்படி.

அப்பா எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. நிழற்குடையின் பின்கோடியில், வரிசையின் கடைசியில். எல்லாரையும் ஏறவிட்டு ஏறுவது அவர் பழக்கம். வண்டி வந்து நின்றபோது புகைக்குழாய் சரியாக அந்த இடத்துக்கு நேரே வந்து நின்றது. எட்டிக் கை வைத்தால் சுடும்.

டிரைவருக்கு வயது ஐம்பது இருக்கும். அப்பாவிடம் ஒரு காலத்தில் கண்டக்டராக இருந்தவர். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாம்மா. அண்ணனோட சீட்டு காலியாத்தான் இருக்கு, உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா, தப்பா நினைக்கக் கூடாது" என்றார் டிரைவர், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "அண்ணனுக்கு என்மேல ஏதாவது கோவமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"கடைசி ஆறு வாரமா அவர் வண்டியிலயே ஏறலை. 'ஏறுங்கண்ணே'ன்னா 'நீ போ, எனக்கு வேலை இருக்கு'ன்னுடுவாரு. கையில ஒரு பெட்டி. நான் வண்டியை எடுத்ததும் அதைக் குனிஞ்சு பாப்பாரு. பாத்ததும் மூஞ்சி சுண்டிப் போயிடும். தினமும் அதேதான், கண்ணாடியில எனக்குத் தெரியும். கிளட்சை ஒழுங்கா விடலையோ, நம்ம ஓட்டறது அண்ணனுக்குப் பிடிக்கலையோன்னு எனக்கு ராத்தூக்கம் போச்சு. ஒரு நாள் ஜன்னல்கிட்ட வந்து, 'நிக்கும்போது இன்ஜினை அணைச்சுட்டு ஆளை ஏத்தேன்டா'ன்னாரு. அன்னையிலேர்ந்து அணைச்சுட்டுத்தான் ஏத்தறேன். ஆனாலும் அந்த மூஞ்சி மாறலை."

"உங்கமேல கோவம் இல்ல" என்றாள். "பெட்டியைப் பத்தி அவருக்கு நான் சரியாச் சொல்லிக் கொடுக்கலை."

டிரைவர் தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. ஒன்பது நாளைப் பற்றிக் கேட்டாள். கியர் பெட்டி உடைந்து பட்டறையில் கிடந்ததாகவும், மாற்று வண்டி தரவில்லை என்றும் சொன்னார். தேதிகளை விரல்விட்டுச் சொன்னார். நோட்டில் இருந்ததுதான்.

பள்ளியில் பிள்ளைகள் இறங்கினார்கள். தொழிற்சாலையில் மற்றவர்கள் இறங்கினார்கள். கடைசி இரண்டு நிறுத்தத்துக்கு வண்டியில் அவளும் டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான். கண்டக்டர் பின்னால் டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தினமும் இந்த வெறும் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டிரைவர் பிரேக் போட்டபோது கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. யாரிடம் கற்றார் என்று கேட்கத் தேவையில்லை.

*

கிளை அலுவலகத்தில் கருத்து வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார்.

"இது பாதியில நிக்குதேம்மா. கையெழுத்தும் இல்ல."

"அப்பா எழுதினது. இப்ப இல்ல அவர்."

எழுத்தர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "ஐயோ" என்றார். அப்புறம் தாளைத் திரும்பப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்தா வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

"அதுக்குக் கீழ நான் எழுதியிருக்கேன். ரெண்டாவது தாள்."

இரண்டாவது தாளில் பதினோரு வரிகள்தான் இருந்தன. எங்கே அளந்தது, எத்தனை நாள், எதை விலக்கியது, எவ்வளவு நம்பலாம், எவ்வளவு நம்பக் கூடாது. 'அளந்தவர் ஒவ்வொரு நாளின் உச்ச எண்ணை மட்டும் குறித்தார். முக்கால் மணி நேரச் சராசரியைப் பார்த்தால், பேருந்து வந்த நாட்களில் நிறுத்தத்தில் தூசு குறைவு. கார்களும் பாதிக்கும் குறைவு. காலை வண்டியை நிறுத்தும் முன் சரியான கருவியோடு மூன்று மாதம் அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் வேலையை நானே செய்து தருகிறேன்.' கடைசியில் அவள் கையெழுத்து.

"இவ்ளோதானா? இன்னும் நாலு வரி உருக்கமா எழுதியிருக்கலாமே. மேல இருக்கறவங்க படிப்பாங்க."

"எனக்கு இவ்ளோதான் வரும்."

"அப்பாவும் உங்களை மாதிரிதானா?"

"இல்ல. நல்லாப் பேசுவாரு."

எழுத்தர் முத்திரை குத்தினார். ஆதாரமாக நோட்டின் நகலும் வேண்டும் என்றார். மூலையில் இருந்த இயந்திரத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்து எடுக்கத் தொடங்கினார். பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது. மகள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெளியே பதினேழு திரும்பிப் போகக் கிளம்பியது. அவள் அதில் ஏறியிருக்க வேண்டும். அடுத்தது இன்னும் நாற்பது நிமிடம்.

"இதும்மா, கடைசிப் பக்கத்துல தலைகீழா ஏதோ எழுதியிருக்கு" என்று எழுத்தர் கூப்பிட்டார். "இதுவும் சேத்தியா? நகல் எடுக்கணுமா?"

நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பி அப்பா சில்லறை வேலைகளை எழுதி வைத்திருந்தார். மூன்று வரிகள். குக்கர் வளையம் மாற்ற வேண்டும். அதை அடித்திருந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வேண்டும். அதையும் அடித்திருந்தார். மூன்றாவதை அடிக்கவில்லை.

'பஸ் போன பிறகு எண் நன்றாக இறங்குகிறதே, அதையும் எழுத வேண்டுமா? ஞாயிறு மகளிடம் கேட்க.'